பச்சைக் கைப்பிடி டெஸ்டர்

போன வருடம் ஆவணி மாதம், விநாயகர் சதுர்த்திக்கு நாலைந்து நாள் முன்பு, காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கியது இது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். தோளில் ஒரு ரெக்ஸின் பையோடு அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கேட்டைத் தட்டினார். முகம் எனக்குப் புதிது. ஆனால் பெயரைச் சொன்னதும் யாரென்று தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் என்னை விடாமல் துரத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். அவருக்கு வேண்டியது என்னிடமிருந்த ஒரு பழைய டெஸ்டர். கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற, சட்டைப்பையில் செருகிக்கொள்கிற சாதாரண டெஸ்டர்.

ஒரு டெஸ்டருக்காக ஒரு மனிதர் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாரா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வந்திருக்கும்.

அந்த டெஸ்டர் எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் கல்லலில் வீட்டோடு இருந்த வருடம். அப்பா என்னிடம் பேசுவதையே குறைத்துவிட்டார். காலையில் எழுந்து வயலுக்குப் போவேன், மத்தியானம் வந்து படுப்பேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களுக்கான தபால் கிளப். மாதம் ஒரு பார்சல் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே காலிங் பெல்லோ, சின்ன ரேடியோவோ செய்வதற்கான உதிரிப் பாகங்கள் இருக்கும், செய்முறைத் தாளும் இருக்கும். அதோடு ஒவ்வொரு பார்சலிலும் ஒரு கருவி இலவசம். ஒரு மாதம் ஸ்க்ரூ டிரைவர், ஒரு மாதம் ஒயர் கட்டர், ஒரு மாதம் சால்டரிங் அயர்ன். எல்லாக் கைப்பிடியிலும் கிளப்பின் முத்திரை பதித்திருக்கும்.

அப்பாவுக்கு இந்த இலவசம்தான் பிடிக்கவில்லை. சும்மா கொடுக்கிறவன் பின்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவான் என்று, பார்சல் சுற்றி வந்த காகிதத்தைக்கூட எறியவிடாமல் டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்தார். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. எனக்கோ அந்தப் பார்சல் பெரிய விஷயம். அதுவரை வீட்டுக்கு வந்த தபால் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வந்தது. என் பெயரை டைப் அடித்து, கீழே உறுப்பினர் எண் போட்டு வந்தது அந்தப் பார்சல்தான். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி என் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு தடவை, புதிதாக ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் ஆளுக்கொரு டெஸ்டர் என்று அறிவித்தார்கள். நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன். மூன்று பேருக்கும் பச்சைக் கைப்பிடி போட்ட டெஸ்டர் வந்தது. அடுத்த வருடமே கிளப்பிலிருந்து பார்சல் நின்றுபோனது. போட்ட கடிதம் திரும்பி வந்தது. நானும் தேர்வு எழுதி, சாக்கோட்டையில் அரசாங்க வேலையில் சேர்ந்து, கல்யாணம் முடிந்து காரைக்குடிக்கு வந்துவிட்டேன். மற்ற கருவிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்தன. டெஸ்டர் மட்டும் நின்றது. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்றால் பிளக்கில் குத்திப் பார்ப்பேன். சிவப்பாக எரியும்.

மூன்று வருடத்துக்கு முன் யாரோ அந்தக் கிளப்பின் பழைய உறுப்பினர்களைத் தேடிப்பிடித்து ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். ஒருவர் பழைய செய்திமடலைப் படம் எடுத்துப் போடுவார், ஒருவர் தான் செய்த ரேடியோவைப் போடுவார். போன வருடம் ஆடி மாதம் நான் என் டெஸ்டரைப் படம் எடுத்துப் போட்டு, "இன்றும் என் வீட்டில் வேலை செய்கிறது" என்று எழுதினேன். நிறையப் பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே தனியாக ஒரு செய்தி வந்தது. "ஐயா, பச்சைக் கைப்பிடி டெஸ்டரை தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். அது சரியில்லாத சரக்கு. எனக்கு அனுப்பிவிடுங்கள், புதியது ஒன்று வாங்கி அனுப்புகிறேன்."

காரைக்குடிக்காரன் எவனும் இந்தப் பேச்சில் ஏமாற மாட்டான். இங்கே வீடு வீடாகப் பழைய சாமான் கேட்டு வருகிறவர்கள் பேசுகிற பேச்சு இதுதான். எங்கள் அம்மாச்சி வைத்திருந்த எனாமல் அடுக்குச் சட்டியை அப்படித்தான் ஒருவர் வாங்கிப் போனார். அடியில் ஓட்டை விழுந்திருக்கிறது, பழைய இரும்புக்குத்தான் போடணும் என்றார். ஆறு மாதம் கழித்து அதையே ஒரு பழம்பொருள் கடைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வேண்டும் என்கிறவன் வேண்டாம் என்றுதான் தொடங்குவான். பழையதைக் கொடு, புதியது தருகிறேன் என்றால் பழையதில்தான் விஷயம் இருக்கிறது.

முடியாது என்று எழுதிவிட்டேன். அவர் விடவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை செய்தி வரும். "அது ஆபத்துங்க. தொடாதீங்க." போனும் செய்தார், நான் எடுக்கவில்லை. அவருடைய வாட்ஸ்அப்பில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முருகன் படம். ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு முழுக்கப் படித்தார்.

"ஓடிபி எதுவும் கேட்டானா?"

"கேட்கலை."

"கேட்பான். இப்பத்தான் பழகுறான்" என்றார்.

அடுத்த செய்தி வீட்டு முகவரி கேட்டு வந்தது. அப்போதே எண்ணை பிளாக் செய்துவிட்டேன். ஆனால் குரூப்பில் என் ஊர் கல்லல் என்று நானே எழுதியிருந்தேன். அவர் கல்லலுக்கே போய், பஸ் ஸ்டாப்பில் விசாரித்து, என் சித்தப்பா மகனிடம் வழி கேட்டு, காரைக்குடி வீட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

"பிள்ளையார்பட்டிக்கு வந்தேனுங்க. அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போலாமுன்னு" என்றார்.

அந்த வாரம் காரைக்குடியில் நடமாடிய வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் பிள்ளையார்பட்டிக்கு வந்தவர்கள்தான். அது எனக்குத் தெரியும். ஆனாலும், சொல்வதற்கு எவ்வளவு சௌகரியமான காரணம் என்றுதான் தோன்றியது. அவருடைய ஊர் மரியாதை இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

வராண்டாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். உள்ளே கூப்பிடவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். அவளுக்கு என்னைவிடச் சந்தேகம் அதிகம். காய்கறிக்காரர் தராசில் வைக்கும்போது தராசின் அடியைக் குனிந்து பார்க்கிறவள். நான் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, சட்டைப்பையில் கேமரா வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"அந்த டெஸ்டரை ஒருக்கா பாக்கலாமுங்களா?" என்றார்.

எடுத்து வந்தேன். அவர் கையில் கொடுக்கவில்லை. வராண்டா பிளக்கில் நானே குத்திக் காட்டினேன். பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே. என்ன கோளாறு?"

"பிளக்குல எரியுமுங்க. மேல பாத்துப் புடிச்சா எரியாதுங்க. உள்ளார இருக்கற ஸ்பிரிங்குக்கு வலு இல்லீங்க. தூக்கிப் புடிச்சா பல்பு கீழ நழுவிக்கும். கரண்டு இருக்கும், இது இல்லைன்னு காட்டும். உங்க ஃபேன்ல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுரும். உள்ள வந்து காட்டட்டுங்களா?"

உள்ளே வந்து காட்டுகிறாராம். ஹால், பீரோ இருக்கிற அறை, பின்வாசல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போக இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தேன். மனைவியைப் பார்த்தேன். அவள் நிலைப்படியை விட்டு நகராமல் கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேணாம். உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் அந்தக் கிளப்புல பார்சல் கட்டுன ஆளுங்க. உங்களுக்கு வந்த பார்சலெல்லாம் நாங் கட்டுனதுதானுங்க. பச்சைக் கைப்பிடி சரக்கு வந்து ரெண்டு மாசத்துல ஒரு லெட்டர் வந்துச்சுங்க..."

அங்கே நிறுத்திவிட்டார். அவர் கண் என் சட்டைப்பையில் இருந்தது. படம் பிடிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டதால்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு எழுந்தார். பையிலிருந்து பிரிக்காத புது டெஸ்டர் ஒன்றை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

"இதை வெச்சுக்குங்க. அதைத் தர வேண்டாம். உங்ககிட்டயே இருக்கட்டும். மேல மட்டும் புடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் குரூப்பில் எழுதிவிட்டேன். வீடியோவிலிருந்து அவர் முகத்தைத் தனியாக எடுத்துப் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: "எச்சரிக்கை. பச்சைக் கைப்பிடி டெஸ்டர் கேட்டு இந்த நபர் வீடு தேடி வருகிறார். பழம்பொருள் மோசடி ஆசாமி. வீட்டுக்குள் விடாதீர்கள். அனைவருக்கும் பகிரவும்." பத்து நிமிடத்தில் குரூப் நடத்துகிறவர் அவரை வெளியேற்றிவிட்டார். எனக்கு நன்றி சொல்லி நிறையப் பேர் எழுதினார்கள். சும்மா சொல்லவில்லை, அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஊரைக் காப்பாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

மூன்று வாரம் போனது. புரட்டாசியில் மதுரையிலிருந்து என் தங்கை குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர்கள் வருகிற அன்று காலையில் ஹால் ஃபேன் நின்றுவிட்டது. வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியன் கோயில் விழா வேலையில் இருந்தார், சாயங்காலம்தான் வர முடியும் என்றார். இதற்கு முன் நான் மேலே ஏறி எந்த வேலையும் செய்ததில்லை. ஆனால் அந்தக் குரூப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்குள் பழைய ஆசை கிளம்பியிருந்தது. கண்டன்சர்தான் போயிருக்கும், நானே மாற்றிவிடுகிறேன் என்று கடைக்குப் போய் வாங்கி வந்தேன். மாற்றி முடித்ததும் குரூப்பில் படம் போட வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் இரும்பு ஏணி வாங்கி விரித்தேன். மனைவி கீழே நின்று இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இருவர் காலிலும் செருப்பு இல்லை. சுவிட்சை அணைத்தேன். மெயினை அணைக்கவில்லை. ஃப்ரிட்ஜில் மாவும் பாலும் இருக்கிறது, எதற்கு என்று விட்டுவிட்டேன். மேலே ஏறி, கூரையை ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்தை இறக்கிவிட்டு, பச்சைக் கைப்பிடி டெஸ்டரைத் தூக்கி ஒயரில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. இன்னொரு ஒயரில் வைத்தேன். அதிலும் எரியவில்லை. டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு, ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி.

"என்ன?"

"அந்த ஆளு மேல பிடிச்சா எரியாதுன்டு சொன்னாருல்ல?"

"அவன் ஃபிராடு."

"இருக்கட்டும். எனக்கு அந்த ஆளு மேலயும் நம்பிக்கை இல்ல, உங்க டெஸ்டர் மேலயும் நம்பிக்கை இல்ல. அவரு குடுத்தது மேசையில கெடக்கு. அதையும் வச்சுப் பாத்துட்டுத் தொடுங்க."

எனக்கு எரிச்சல். இந்த வயதில் ஏணியில் நிற்பதே கஷ்டம், இவள் வேறு. ஆனால் அவள் ஏணியை விட்டுவிட்டுப் போய் அதை எடுத்து வந்து நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்காமல் விடமாட்டாள். அவளுக்காக வாங்கி, கவரைப் பல்லால் கிழித்து, அலட்சியமாக ஒயரில் வைத்தேன்.

எரிந்தது.

ஒரு நிமிடம் எதுவும் புரியவில்லை. சுவிட்ச் அணைந்துதான் இருக்கிறது. பழைய டெஸ்டரை எடுத்து அதே இடத்தில் வைத்தேன், இருட்டு. புதியதை வைத்தேன், வெளிச்சம். அப்படியே மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று சரியாக நினைவில்லை. இரும்பு ஏணி, வெறுங்கால், கீழே அதே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள். போயிருந்தால் ஒருவர் இல்லை, இரண்டு பேர். சாயங்காலம் தங்கை வந்து கதவைத் தட்டியிருப்பாள்.

மனைவி முதலில் போய் மெயினை அணைத்தாள். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, "அந்த மனுசனை வராண்டாவுலயே ஒக்கார வச்சு அனுப்பிட்டோமே" என்றாள்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அதற்கு முந்தின வருடம் இன்வெர்ட்டர் வைக்கும்போது யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சுவிட்சை அணைத்தாலும் ஃபேன் வரைக்கும் கரண்ட் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது என்றார். பழைய டெஸ்டரைப் பிரித்தும் காட்டினார். உள்ளே ஸ்பிரிங், தலைமுடி மாதிரி மெல்லியதாகத் துவண்டு கிடந்தது.

அன்று ராத்திரிவரை காத்திருக்க முடியவில்லை. தங்கை குடும்பம் ஹாலில் பேசிக்கொண்டிருக்க, நான் மாடிக்குப் போய் அவர் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்து போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். நான் பெயரைச் சொன்னேன்.

அவரே கேட்டார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களே?"

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். நான் குரூப்பில் எழுதியதை அவர் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அம்மிணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க என்றார். பிறகு, அன்று நாற்காலியில் பாதியில் நிறுத்திய பேச்சைச் சொன்னார்.

பச்சைக் கைப்பிடி சரக்கு போன இரண்டாவது மாதம் ஒரு உறுப்பினரிடமிருந்து கடிதம் வந்ததாம். உங்கள் டெஸ்டரை நம்பி என் தம்பி பல்பு ஹோல்டரில் கை வைத்தான், ஷாக் அடித்துக் கீழே விழுந்துவிட்டான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்ததாம். கடிதங்களைப் பிரித்து அடுக்குவதும் இவர் வேலை. முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி படித்துவிட்டு, இதை வெளியே விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான், பேசாமல் இரு என்று மேசைக்குள் போட்டுவிட்டார். இவர் பேசாமல் இருந்தார். அப்போது இவருக்குக் கல்யாணம் ஆன புதிது, வேலை தேவைப்பட்டது.

"அந்தத் தம்பி பொழச்சானா இல்லையான்னு லெட்டர்ல இல்லீங்க. நானும் ஒரு கார்டு போட்டுக் கேக்கலீங்க. அட்ரஸு கூட எழுதி வெச்சுக்கலை. ஊரு பேரு மறந்துபோச்சுங்க" என்றார்.

நான் போட்ட படத்தைப் பார்த்த அன்றுதான், பச்சைக் கைப்பிடி இன்னும் வீடுகளில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததாம். அதற்கு முன்பு, எல்லாம் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து, அந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் எழுதக் கூசி, குரூப்பில் உள்ளவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுக் கொஞ்சம் பேரிடம் வாங்கி உடைத்திருக்கிறார். நான் எச்சரிக்கை போட்ட பிறகு யாரும் அவர் போனை எடுப்பதில்லை.

குரூப்பில் உடனே எழுதினேன். நான் சொன்னது தப்பு, அவர் சொன்னதுதான் உண்மை, என் உயிர் பிழைத்ததே அவரால்தான் என்று விவரமாக எழுதினேன். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். ஓரிருவர் வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குள் வேறு யாரோ ஒரு பழைய கால்குலேட்டர் படத்தைப் போட்டுவிட்டார்கள், பேச்சு அங்கே போய்விட்டது. எச்சரிக்கைக்கு வந்த நன்றியில் கால்வாசி கூட இதற்கு வரவில்லை.

அப்புறம்தான் நான் சேர்த்துவிட்ட இரண்டு நண்பர்கள் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு புது டெஸ்டர் வாங்கிக்கொண்டு கல்லலுக்குப் போனேன். ஒருவன் சிரித்தான். அவன் டெஸ்டர் எப்போதோ வயலில் தொலைந்துபோனதாம். இன்னொருவன் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். நாங்கள் பார்த்து ஏழெட்டு வருடம் இருக்கும். ஆசையாக டீ வரவழைத்தான். நான் டெஸ்டர் பேச்சை எடுத்ததும் அவன் முகம் மாறியது.

"இம்புட்டு வருசம் கழிச்சு வந்து டெஸ்டரைக் கேக்குற. என்னப்பா, வெல போகுதாக்கும்?"

"அது ஆபத்துப்பா. மேல பிடிச்சா எரியாது. கொடுத்திரு, இந்தா புதுசு" என்றேன்.

சொல்லும்போதே என் காதில் விழுந்தது. அவர் எனக்கு எழுதிய அதே வார்த்தைகள். அதைவிட நன்றாக எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

நண்பன் செல்போனை எடுத்துத் தேடினான். "எங்க மோட்டார்க்காரங்க குரூப்புல ஒண்ணு வந்துச்சு. இங்குட்டெல்லாம் ஒருத்தன் பச்சைக் கைப்பிடி டெஸ்டர் கேட்டு அலையிறான்னு. நீயும் அவனோட சேந்துட்டியா?" என்று என் பக்கம் திருப்பிக் காட்டினான். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கீழே என் வாக்கியங்கள், ஒரு எழுத்து மாறாமல். என் பெயர் மட்டும் இல்லை.

மறுத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். இதை எவனோ எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாய் வந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இதை எழுதினது நான்தான்" என்றேன்.

அவன் நம்பாமல் பார்த்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவரை உள்ளே விடாதது, சட்டைப்பையில் போனை வைத்துப் படம் எடுத்தது, அதற்குப் பிறகு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டது, ஏணி, மனைவி எல்லாவற்றையும். அவன் எழுந்துபோய், வேலை செய்கிற மேசை டிராயரை இழுத்து, கம்பியும் ஆணியும் கிடந்த குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினான். பச்சைக் கைப்பிடி வெளியே வந்தது. தினமும் இல்லை என்றாலும், பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிகளில் கரண்ட் பார்க்க வாரத்துக்கு ஒரு முறையாவது அதைக் கையில் எடுக்கிறவன் அவன்.

கடைச் சுவரில் உயரத்தில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் டெஸ்டரைத் தூக்கி அவனே வைத்துப் பார்த்தான். கரண்ட் இருந்த ஹோல்டரில் டெஸ்டர் இருட்டாக இருந்தது. அவன் டெஸ்டரைத் தரையில் போட்டு, ஸ்பேனரால் ஒரே அடியில் நசுக்கினான். "அவரு நம்பரைக் குடு" என்றான். போன் போட்டு என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

இது முடிந்த கதை என்று நினைத்தேன். போன மாதம் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர், அதே மனிதர்தான், சிரித்துக்கொண்டே தன் போனைக் காட்டினார். அவருடைய மைத்துனர் குரூப்பில் வந்ததாம். அதே நாற்காலி, அதே முகம். மேலே "பலமுறை பகிரப்பட்டது" என்று போட்டிருந்தது. நான் எழுதிய மறுப்பு எந்தக் குரூப்பிலிருந்தும் இதுவரை எனக்குத் திரும்பி வரவில்லை. எச்சரிக்கை வருகிற இடத்திலெல்லாம், இதை எழுதியவன் நான், இது தவறு என்று என் பெயரோடு பதில் போடச் சொல்கிறேன். சிலர் போடுகிறார்கள். அவரிடம் சொன்னபோது, விடுங்க, அந்தப் படத்துல நான் நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தேகப்படுவதை நான் விட்டுவிடவில்லை. இந்தக் காலத்தில் அதை விட்டுவிட்டு வாழவும் முடியாது, என் மனைவி சந்தேகப்பட்டதால்தான் நாங்கள் இருவரும் இன்று இருக்கிறோம். ஆனால் அவள் இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டாள். நானோ எதிரே இருந்தவரை மட்டும் சந்தேகப்பட்டேன், கையில் இருந்ததை அது எனக்குப் பிடித்தது என்பதாலேயே விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஐந்து நிமிடம் போனை உள்ளே வைத்துவிட்டு, அவர் சொல்ல வந்த கடிதத்தை முழுக்கக் கேட்டிருந்தால் போதும் என்று, யாரைப் பற்றியாவது நாலு பேருக்கு எழுத விரல் போகிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.